பேசிக்கொண்டே நடக்க வேண்டும்

முதல் நாள் ட்ரெட்மில்லில் ஏறி நின்றதும் என் விரலில் ஒரு சின்னக் கிளிப்பை மாட்டினார்கள். நாடித்துடிப்பு அதில் சிவப்பு எண்களாக ஓடியது. பெல்ட் நகர ஆரம்பித்து, கடைக்குக் காய்கறி வாங்கப் போகிற வேகத்துக்குக்கூட வரவில்லை, அதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. எண் ஏறுவதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க இன்னும் ஏறியது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மா செருப்போடு உள்ளே ஓடிவந்துவிட்டாள்.

பிசியோதெரபிஸ்ட் பெல்ட்டை நிறுத்தினார். முப்பது வயதைத் தாண்டிய பெண். அவசரமே படாத முகம்.

"மயக்கம் வருதா? நெஞ்சு வலிக்குதா? கண்ணு இருட்டுதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"அப்புறம் என்ன பண்ணுது?"

"நெஞ்சு அடிச்சுக்குது மேடம்."

"நடந்தா அடிக்கும்மா. அதை அடிக்க வைக்கத்தான் இங்க வந்திருக்கோம்."

அவருக்கு அது அன்றாட வேலை. எனக்கு அப்படி இல்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் கழுத்தில் வந்த கட்டி நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து, மாதக்கணக்கில் மருந்து ஏறியது. அதில் ஒன்று சிவப்பாக, ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். இதயத்தைக் கொஞ்சம் பாதிக்கக்கூடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் நெஞ்சு வேகமாக அடித்தால் காய்ச்சல் வரப்போகிறது என்று அர்த்தம். நர்ஸ் ஓடிவருவார், அம்மாவின் முகம் வெளுக்கும். படபடப்பு என்றால் ஆபத்து என்பதை என் உடம்பு அங்கேதான் கற்றுக்கொண்டது. வியாதி போன பிறகும் அந்தப் பாடம் போகவில்லை.

மருந்தெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நான் நடப்பதையே அம்மா நிறுத்திவிட்டாள். எங்கள் வீடு முகப்பேரில் லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடி. மருத்துவமனைக்குப் போய்வரும் நாள் தவிர நான் கீழே இறங்கியதில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள், நான் ஏறும்போது உட்கார்ந்து மூச்சு வாங்க. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் டைபாய்டு வந்து உடம்பு தேறவில்லை என்பாள். திருச்சியில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் அதே டைபாய்டுதான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலைக்குப் போய்வருபவர், அவரிடம் யார் கேட்டாலும் "அவங்க அம்மாவ கேளுங்க" என்று நழுவிவிடுவார். எங்கள் வீட்டுக்குள் 'கேன்சர்' என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. 'அது' என்போம். 'அப்போ' என்போம்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. அதனால் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே என் உலகம் முடிந்துபோனது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. ஆனா உன் தசையெல்லாம் அறுபது வயசுக்காரங்க மாதிரி ஆயிட்டு வருது. பக்கத்துல ஆள் வச்சுப் பார்த்து எக்சர்சைஸ் பண்ணு" என்று அம்பத்தூரில் இருந்த இந்த இடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அம்மா வழியெல்லாம் புலம்பினாள். "இவ்ளோ கஷ்டப்பட்டுக் காப்பாத்திக் கொண்டாந்து, இப்ப ஓட வைக்கச் சொல்றாரே."

அது மெயின் ரோட்டைப் பார்த்த முதல் மாடி ஹால். ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரன் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும். வாரத்தில் சில மாலைகள் எங்களைப் போல் இளவயதில் வியாதி வந்து பிழைத்தவர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். என்னோடு இன்னும் மூன்று பேர். அவர்களில் ஒருவன் ஆவடிக்காரன். அவனுக்கு இருபது வயது. முட்டிக்கு மேல் எலும்பில் கட்டி வந்து, அந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைத்திருந்தார்கள். கால் முழுசாக மடங்காது. மடக்க வைப்பதற்காகத்தான் வந்துகொண்டிருந்தான்.

மேடம் எங்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு திணறினால் வேகம் அதிகம், பாட்டு வந்தால் வேகம் போதாது. அதனால் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எனக்கு வாயே திறக்காது. இரண்டாவது வாரம் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஆவடிக்காரன் திரும்பினான்.

"இன்னாக்கா, அந்த நம்பரையே மொறச்சிக்கினு கீறே? அது உன்ன இன்னா பண்ணுச்சு?"

"ஏறுதே."

"ஏறட்டும். உன் நெஞ்சு உனுக்காவ வேல பாக்குது. அது வேல பாக்கும்போது மேல நின்னு மொறச்சா அதுக்கு மட்டும் படபடன்னு வராதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எண் இன்னும் ஏறியது. இந்த முறை நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அவன் பேச்சில்தான் நான் நடக்கப் பழகினேன். ஆவடி மார்க்கெட்டில் மீன் விலை, அவன் தெருவில் சர்ச்சுக்குப் பின்னால் தண்ணி லாரி வரும் ரகளை, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பான். வெளியே காத்திருக்கும் அம்மாவிடமும் போய், "இன்னாம்மா, டீ குட்சீங்களா?" என்று கேட்பான். ஆரம்பத்தில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு நின்ற அம்மா, மெல்ல மெல்ல பெஞ்சில் உட்கார்ந்து பூக்கட்டும் அளவுக்கு வந்தாள். வீட்டுப் படியில் அந்த நாற்காலியில் உட்காராமலே ஏறிப்போன நாள் ஒன்றும் வந்தது. என் முதுகுக்குப் பின்னால் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை ஆவடிக்காரன் வரவில்லை.

வேறு எந்த வகுப்பாக இருந்தாலும் ஒருவன் வராவிட்டால் பஸ் கிடைக்கவில்லை, சளி, சோம்பேறித்தனம் என்று நினைப்பார்கள். எங்கள் ஹாலில் அப்படி நினைக்க முடியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் சைக்கிளில் யாரும் உட்காரவும் இல்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவன் போனுக்கு அடித்துப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் மேடத்திடம் போய் நின்றேன்.

"மேடம், அவன்..."

"நானும் போன் பண்ணினேன். அவங்க அம்மா எடுத்து, அப்புறம் பேசறேன்னு வச்சுட்டாங்க. எனக்கே தெரியலம்மா."

எப்போதும் அவசரப்படாத அந்த முகத்தில் அன்று ஏதோ ஒன்று சரியாக இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவனுக்கு வியாதி திரும்பி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த எலும்புக் கட்டி திரும்பினால் நுரையீரலுக்குத்தான் போகும் என்று எங்கோ படித்திருந்தேன். அவன் எங்கோ ஒரு வார்டில் மொட்டைத் தலையோடு படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவனுக்குத் திரும்பியது என்றால் எனக்கும் திரும்பும். ஏன் அப்படி என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிந்திருக்காது. அவனுடைய வியாதி வேறு, என்னுடையது வேறு. ஆனால் குளிக்கப் போனால் கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடமெல்லாம் வலித்தது. வலிக்கிறதே என்று இன்னும் அழுத்தினேன். ட்ரெட்மில்லில் ஏறினால் மறுபடியும் அந்தச் சிவப்பு எண்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள் பாதியில் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம், "நான் இனிமே போகலம்மா" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, "அந்தப் பையன் வீடு எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஆவடியில, சர்ச்சுக்குப் பின்னாடின்னு சொல்லியிருக்கான்."

"கிளம்பு. போய்ப் பாத்துட்டு வந்துடலாம். எனக்கும் முடியல. உன்னைப் பாக்கறதா, அவனை நெனைக்கறதான்னு இருக்கு."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தும் எனக்கு வியர்த்தது. போய் என்னவென்று கேட்பது? அவன் இல்லை என்று சொல்லிவிட்டால்? அம்மா மடியில் ஒரு பையில் ஆரஞ்சு வாங்கி வைத்திருந்தாள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகிற ஆரஞ்சு. அந்தப் பையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தோம். சர்ச் தெரிந்தது. அதன் மதிலை ஒட்டிய தெருவில் திரும்பியதும் அம்மா நின்றுவிட்டாள். நடுத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சாமியானா கட்டியிருந்தது. கீழே வாடகை நாற்காலிகள். இரண்டு மூன்று ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் எதற்காக இருந்தாலும் வாசலில் கட்டுவது ஒரே சாமியானாதான், போடுவதும் அதே நாற்காலிகள்தான். அம்மா என் கையைப் பிடித்தாள், வலிக்கும்படி. என் நெஞ்சு காதுக்குள் அடித்தது. ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியது. பக்கத்துக் கடைக்காரரிடம் அம்மா குரலே இல்லாமல், "அங்க என்னங்க விசேஷம்?" என்று கேட்டாள்.

"நேத்து பொண்ணுக்கு நிச்சயம். பந்தல்காரன் இன்னும் வந்து அவுக்கல."

அம்மா அந்தக் கடை வாசலிலேயே குந்திவிட்டாள். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் பாக்கெட் கொடுத்தார்.

அவன் வீடு அதுதான் என்று அவரே காட்டினார். கதவைத் திறந்தது அவனுடைய அம்மா. "எக்சர்சைஸ் கிளாஸ்லேருந்து வரோம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் இருவரையும் உள்ளே இழுத்து, தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார். உள்ளே பெயின்ட் வாசனை. மாதா படத்துக்குக் கீழே சின்ன பல்பு எரிந்தது. அறைக்குள்ளிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான்.

"அக்கா! இன்னாக்கா, ஊடு வரைக்கும் வந்துட்டே?"

மொட்டைத் தலை இல்லை. நிச்சயத்துக்காக வெட்டிக்கொண்ட புது கிராப். எனக்கு முதலில் அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் அவனை அடிக்கலாம்போல் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் முட்டி வீங்கியிருப்பதையும் நடை பழையபடி ஆகிவிட்டிருப்பதையும் பார்த்தேன்.

"ஏன்டா வரல? நாங்க என்னன்னு நெனச்சோம் தெரியுமா?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

அவர் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான்தான்மா அனுப்பல. போனயும் வாங்கி வச்சிக்கினேன். மாப்ள ஊட்டுக்காரங்க அம்பத்தூரு. அந்த ரோட்ல தெனம் போறவங்க வர்றவங்க. இவன் அந்த மாடி ஏறுறத யாராச்சும் பாத்துட்டு, அங்க இன்னாத்துக்குன்னு கேட்டா? பைக்ல உழுந்து கம்பி வச்சதுன்னுதான் சொல்லிக்கீறோம். நிச்சயத்துக்கு முன்னாடியே கோயில்ல ஓலை வாசிக்க ஆரமிச்சிட்டாங்க. மூணு ஞாயித்துக்கெழம. ரெண்டு முடிஞ்சிட்ச்சு."

எங்களுக்குப் புரியட்டும் என்று அவனே சொன்னான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரைப் படிப்பார்கள், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும்.

"அண்ணனுக்கோ தம்பிக்கோ நோவு வந்தது தடையில்லன்னு சாமியாரு சொல்லுவாரு," என்றார் அவன் அம்மா. "சனங்க சொல்லுமா? ரத்தத்துல கீதுன்னு சொல்லும். பொறக்குற புள்ளைக்கு வரும்னு சொல்லும்."

அம்மா ஆரஞ்சுப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நான் டைபாய்டுன்னு சொன்னேன்," என்றாள். "எல்லார்கிட்டயும். என் கூடப்பிறந்த தங்கச்சிகிட்டகூட. என் பொண்ணுக்கு வந்தது கேன்சர். கழுத்துல வந்துச்சு. ஆஸ்பத்திரியில இவ கிடந்தப்போ ஒரு வேளை சோறு கொண்டாந்து குடுக்க ஆள் இல்ல. ஏன்னா யார்கிட்டயும் சொல்லல. டைபாய்டுக்கு யாரு சோறு கொண்டாருவா?"

அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், பெயின்ட் வாசனைக்கு நடுவில். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஆனால் அவனுடைய அம்மா அதில் கரைந்துவிடவில்லை. "உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, நீங்க அத மட்டும் பாத்தா போதும். எனுக்கு ரெண்டு. இவன் கால பாத்தா அவ வாழ்க்க போவுது. அவ வாழ்க்கய பாத்தா இவன் கால் போவுது. நான் எங்கக்கா போறது?" என்று கேட்டார்.

அப்போது அறை வாசலில் நின்றிருந்த அவன் அக்கா, "அவருக்குத் தெரியும்மா" என்றாள்.

"யாருக்கு?"

"அவருக்குத்தான். பொண்ணு பாத்துட்டுப் போன மறு வாரமே சொல்லிட்டேன். தம்பிக்கு இப்டி இருந்துச்சு, இப்போ இல்லன்னு. சரின்னாரு. அவங்கம்மாகிட்ட தானே சொல்றேன்னாரு. சொன்னாரா இல்லையான்னு தெரியாது. கேக்க பயமா கீது."

அவனுடைய அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவதா நிம்மதியடைவதா என்று அவருக்கே தெரியவில்லை. ஆவடிக்காரன்தான் முதலில் பேசினான். "இன்னாடி நீ! நான் இங்க பொம்ம மாதிரி உக்காந்துகினு கீறேன், நீ அங்க எல்லாம் சொல்லிட்டியா!" அவன் சிரிக்க முயன்றான்.

நாங்கள் கிளம்பும்போது அவனுடைய அம்மா, "ஞாயித்துக்கெழம கடசி ஓலை. அது முடியட்டும். திங்கக்கெழம அனுப்புறேன்" என்றார். அதற்கு மேல் அவரை யாரும் வற்புறுத்தவில்லை. மேடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் வீடியோவில் அவன் முட்டியைப் பார்த்து, படுத்தபடியே செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்லி, ஐஸ் வைக்கச் சொன்னார். "எழுந்து நின்னு எதுவும் தனியா பண்ணாத. நான் இல்லாம பண்ணாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோயில் பூசைக்காக அம்மா காலையிலிருந்தே எங்கள் பூஜையறையில் விளக்கேற்றி வைத்திருந்தாள். மதியம் அவனிடமிருந்து செய்தி வந்தது. "ஓலை ஓவர். ஒருத்தனும் வாய தொறக்கல."

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கி வெகுநேரம் ஆகியும் அவன் வரவில்லை. நான் ட்ரெட்மில்லில் நடந்தபடி கண்ணாடி வழியாகப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் இரண்டு முறை, "என்னைப் பார்த்துப் பேசு" என்றார். கடைசியில் படியில் சத்தம் கேட்டது. ஒரு காலை வைத்து, இன்னொன்றை இழுத்து வைக்கிற சத்தம். அவன் பின்னால் அவன் அம்மாவும் வந்திருந்தார், தலையில் முக்காடு மாதிரி முந்தானையைப் போட்டுக்கொண்டு. என் அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அன்று அவன் கால் சரியாக மடங்கவில்லை. மாதங்களாக வாங்கிய மடக்கு பாதி போயிருந்தது. மேடம் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். உள்ளே வைத்த உலோகம் நகரவில்லை என்று தெரியும்வரை இன்னும் சில நாள் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நகரவில்லை. தசைதான் இறுகியிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். வலியில் அவன் பல்லைக் கடித்தபோது பேச வேண்டிய முறை என்னுடையதாயிற்று. எனக்கு என்ன பேசுவதென்று தெரியாது. முகப்பேர் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாருக்காக நடக்கும் சண்டைகளை எல்லாம் சொன்னேன். "மொக்கையா கீதுக்கா, ஆனா சொல்லு" என்றான்.

கல்யாணத்துக்கு நாங்களும் போனோம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகு இரண்டு மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாராம். அன்று கூட்டத்தில் அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருப்பா, எவ்ளோ நேரம் நிப்பே" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். அது அன்பா, பயமா, மரியாதையா என்று நாங்கள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசினோம். ஒரு முடிவுக்கு வரவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருவர், "நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?" என்று கேட்டபோது, அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "தெரிஞ்சவங்க" என்றாள். 'கேன்சர்' என்ற சொல் மறுபடியும் உள்ளே போய்விட்டது. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது வகுப்புக்கு நான் தனியாகத்தான் போய்வருகிறேன். அம்மா வரவில்லை என்றாலும் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும். கொஞ்சம் தாமதமானால் அவளே பண்ணிவிடுவாள். அடுத்த வாரம் எனக்கு ஸ்கேன். நாள் நெருங்க நெருங்க கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. இழுத்துக்கொள்கிறேன், மறுபடியும் போகிறது. ஸ்கேன் அன்று சாயங்காலம் வகுப்புக்கு வருவாயா என்று ஆவடிக்காரன் கேட்டு அனுப்பியிருந்தான். வருவேன் என்று பதில் போட்டேன். ரிசல்ட் எப்போது என்று அவன் கேட்கவில்லை. எங்கள் ஹாலில் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை.